பைக்குக்கு ஸ்கானர் வாங்க முதல் சீற்றைக் கழற்றிப் பாருங்கள்

போன கிழமை பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவன் சின்ன நீலப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணை, இதை எதில கொழுவிறது?" என்று கேட்டான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, பதினாறு பின், புளூடூத்தில் போனோடு சேரும் ஸ்கானர், வண்டியின் கணினி பதிந்து வைத்த பிழை எண்ணை வாசிக்கிற சாமான். அவன் ஓடுவதோ காபரேற்றர் பைக். அதில் கொழுவ இடமே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பெட்டி என் மேசை லாச்சிக்குள்ளும் கிடக்கிறது.

சாவியை ஓன் பண்ணாமல் ஸ்கானரைக் கொழுவிவிட்டு முழிப்பது போன்ற பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரு தரத்தோடு திருந்திவிடும். காசைத் தின்கிறவை வேறு.

காபரேற்றர் பைக்குக்கு ஸ்கானர் தேடுவது

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பவும் திறந்தது. அதனால் நம் வீதிகளில் இன்னும் பழைய பைக்குகள் நிறைய, அவற்றில் காபரேற்றர் வைத்தவையும் நிறைய. இந்தியாவிலேயே பி.எஸ். 6 என்ற புகை விதி வந்த 2020 ஏப்ரலோடுதான் சின்னப் பைக்குகள் வரைக்கும் எப்.ஐ. பரவியது, அதாவது காபரேற்றருக்குப் பதிலாகக் கணினி அளந்து பெற்றோல் தெளிக்கிற முறை. காபரேற்றர் பைக்கில் இருக்கிற சி.டி.ஐ. பிளக்குக்கு நேரம் பார்த்துப் பொறி கொடுக்கும், அவ்வளவுதான். எதையும் பதிந்து வைத்திருந்து உங்களுக்குச் சொல்லாது.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்குவது

இது நான் செய்தது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அப்போது பண்ணைப் பாலத்தால் தினமும் வேலணைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் என் எப்.ஐ. பைக்கில் எஞ்சின் லைற் பற்றியது. ஐட்லிங் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். ரவுனில் ஒரு கடையில் எல்ம் 327 என்று சொல்லி விற்கிற நீலப் பெட்டியை மூவாயிரத்துக்கு வாங்கினேன். "1996க்குப் பிறகு வந்த எல்லா வாகனத்துக்கும்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து சீற்றைக் கழற்றினால், பைக்கில் இருந்தது றப்பர் மூடி போட்ட ஆறு பின் கப்ளர், வயர்களை இணைக்கிற முனை. சரி, இடையில் போடுகிற வயர் வாங்கலாம் என்று அதற்கும் காசு கொடுத்து இரண்டு கிழமை காத்திருந்தேன். வயர் அச்சாகப் பொருந்தியது. போனில் வந்தது "இணைக்க முடியவில்லை" என்ற ஒற்றை வரி. அப்புறம் காசு கட்டுகிற செயலி ஒன்று, பிறகு இன்னொரு பெட்டி. எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் போனது. ஒரு பிழை எண்கூடக் கையில் கிடைக்கவில்லை.

அந்த 1996 அமெரிக்காவில் கார்களுக்கு வந்த விதியின் ஆண்டு. பைக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐரோப்பாவில் யூரோ 5 என்ற புகை விதி வந்த 2020இலிருந்துதான் பைக்குகளில் அந்த ஆறு பின் சிவப்பு கப்ளர் பொதுவாகத் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றில் மூன்று பின், நான்கு பின் என்று கொம்பனிக்கொரு வடிவம். வடிவம் பொருந்தினாலும் போதாது, உள்ளே பேசுகிற பாஷையும் பொருந்த வேண்டும். சில பைக்குகள் ஒரே ஒரு வயரில் பேசும், அதைக் கே லைன் என்பார்கள். புதியவை பின்னிய இரண்டு வயரில் பேசுகிற கேன். கே லைனிலும் பல கொம்பனிகள் தங்கள் சொந்தக் கட்டளைகளை வைத்திருக்கின்றன, காருக்கான பொதுக் கட்டளைக்கு அவை வாய் திறக்காது. மலிவு நகல் பெட்டிகளில் சிலவற்றுக்கோ கே லைன் ஒழுங்காக வராது. எனக்கு இரண்டு பக்கத்தாலும் அடி.

ஆகவே கடைக்குப் போக முதல் சீற்றையும் பக்க மூடியையும் கழற்றி, பற்றரிக்குக் கிட்ட எதிலும் கொழுவாமல் சும்மா நிற்கிற கப்ளரைத் தேடுங்கள். பின்னை எண்ணுங்கள், போனில் படம் எடுங்கள். பைக்கின் சேர்விஸ் புத்தகத்தில் கே லைனா கேனா என்று பாருங்கள். முடிந்தால் பைக்கிலேயே கடைக்குப் போங்கள். ஸ்கானரைக் கொழுவி, எஞ்சினை ஸ்ராட் பண்ணி, திரையில் ஆர்.பி.எம். ஏறி இறங்குவதைக் கண்ட பிறகு காசை எடுங்கள். "எல்லாத்துக்கும் வேலை செய்யும் அண்ணை" என்கிற கடைக்காரரும் அப்போது கொஞ்சம் யோசிப்பார்.

இன்னும் எரிச்சலான பகுதி இனித்தான். எனக்கு வேண்டிய எண்ணை அந்த எஞ்சின் லைற்றே சும்மா சொல்லியிருக்கும். பல எப்.ஐ. பைக்குகளில் அந்த லைற் நீளமாகவும் குறுகலாகவும் மினுக்கும். நீளம் பத்து, குறுகல் ஒன்று. ஒரு நீளமும் ஐந்து குறுகலும் வந்தால் பதினைந்து. சிலவற்றில் இதற்கு கப்ளரில் இரண்டு பின்களை வயர்த் துண்டால் தொட வேண்டும். எந்த இரண்டு என்று சேர்விஸ் புத்தகத்தைப் பார்த்துத்தான் தொட வேண்டும், ஊகத்தில் தொடாதீர்கள்.

எண் வந்த உடனே சாமானை மாற்றுவது

மினுக்கலை எண்ணிப் பார்த்தபோது என் பைக் சொன்னது துரொட்டில் சென்சரை, அக்சிலேற்றரை எவ்வளவு திருப்புகிறோம் என்று கணினிக்குச் சொல்வது அதுதான். அது தனியாக வராது, எஞ்சினுக்குக் காற்றை விடுகிற துரொட்டில் பொடியோடுதான் வரும் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எண் காட்டுவது ஒரு சுற்றைத்தான். அந்தச் சுற்றில் சென்சர் இருக்கிறது, வயர் இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, ஏர்த்தும் இருக்கிறது.

மல்ரிமீற்றரை எடுத்தேன். சாவி ஓன், எஞ்சின் ஓவ். கறுப்பு முனை பற்றரியின் மைனஸில். சிவப்பு முனையில் ஒரு தையல் ஊசியைக் கட்டி, கப்ளரின் பின்பக்கத்தால் மெல்ல நுழைத்தேன். ஐந்து வோல்ற் வரவேண்டிய வயரில் ஐந்து இருந்தது. பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டிய ஏர்த் வயரில் 0.9 காட்டியது. கப்ளரைக் கழற்றினால் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. பாலத்தின் உப்புக் காற்று மாதக்கணக்காக அதற்குள் போயிருக்கிறது. கழுவித் துடைத்துப் பூட்டியதும் 0.03. பிறகு சிக்னல் வயரில் ஊசியை வைத்து அக்சிலேற்றரை மெதுவாகத் திருப்பினேன். எண் அரை வோல்ற்றிலிருந்து நாலுக்கு மேல்வரை எங்கும் துள்ளாமல் ஏறியது. லைற் அன்றைக்கே அணைந்தது.

பிழை எண்ணை எழுதி வைக்காமல் அழிப்பது

செய்யாதீர்கள்.

ஏ.பி.எஸ். லைற்றுக்கும் அதே ஸ்கானர் என்று நினைப்பது

எஞ்சினை மட்டும் வாசிக்கிற ஸ்கானர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காக்கிற ஏ.பி.எஸ்.ஐத் தொடாது. வாங்க முதல் கேளுங்கள்.

மல்ரிமீற்றரைக் கடைசியாக வாங்குவது

ஓடாமல் கொஞ்ச நேரம் நின்ற பைக்கில் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். செல்ப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியைப் பாருங்கள். எஞ்சினை உயர்த்திப் பிடித்தால் பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் வரவேண்டும். வராவிட்டால் சார்ஜிங் பக்கம் போங்கள். பற்றரி சோர்ந்திருக்கும்போது பைக்கின் கணினியான ஈ.சி.யூ. இல்லாத பிழைகளையும் பதிந்து வைக்கும், அதை நம்பி ஸ்கானரோடு மாரடிக்க வேண்டி வரும். மீற்றருக்குள் இருக்கிற சின்னப் பற்றரியும் சாகாமல் இருக்கட்டும். அது சோர்ந்தால் பல மீற்றர்கள் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும்.

தம்பிக்கு மல்ரிமீற்றரைக் கையில் கொடுத்து அனுப்பினேன். நீலப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டான், கடைக்காரர் எடுக்கமாட்டாராம். என்னுடையது கொழும்பிலிருந்து மாமா காரில் வருகிற நாட்களில் மட்டும் லாச்சியை விட்டு வெளியே வரும். காரில் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.