‘பை வாக்’ என்று சொல்லலாமா? நடை சார்ந்த ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்படி வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டால் ‘பை பஸ்’, ‘பை டிரெயின்’ என்று சரியாகச் சொல்பவர்கள்கூட, நடந்து வந்திருந்தால் ‘பை வாக்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நேர்காணலுக்கு என்னிடம் பயிற்சி பெற வந்த ஒரு பெண் பத்து நிமிடம் பிழையின்றிப் பேசிவிட்டு, இந்த ஒரு விடையில்தான் தடுக்கினார். ‘பை’ என்பது பயணத்துக்கான ஊர்தியைச் சுட்டும் சொல். ‘வாக்’ ஊர்தியன்று, செயல். ஆகவே ‘ஆன் ஃபுட்’ என்பதே வழக்கு. ‘பை ஃபுட்’ என்பதையும் சிலர் ஆள்கிறார்கள் என்றாலும் தேர்வில் முன்னதை எழுதுவதே பாதுகாப்பு. இரண்டையும்விட எளியது, நாம் ‘நடந்து வந்தேன்’ என்று வினையாகவே சொல்வதைப்போல ‘ஐ வாக்ட்’ என்று சொல்லிவிடுவது.

அடுத்த பிழைக்கு ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை உருபே காரணம். அதை அப்படியே பெயர்த்து ‘ஐ வாக்ட் டு ஹோம்’ என்று எழுதுகிறோம். ‘ஹோம்’ என்ற சொல் இங்கே வினையடையாக நின்று திசையைத் தானே உணர்த்திவிடுவதால் ‘டு’ தேவையில்லை. ‘ஸ்கூல்’ அப்படிப்பட்டதன்று என்பதால் ‘ஐ வாக்ட் டு ஸ்கூல்’ என்றே வரும். ‘ஐ வாக்ட் ஹெர் ஹோம்’ என்றால் அவளை நடக்க வைத்தேன் என்பதன்று, துணைக்கு நடந்துபோய் வீட்டில் விட்டேன் என்று பொருள்.

உச்சரிப்பில் ‘வாக்’ என்பதன் ‘எல்’ ஒலிக்காது. ‘வால்க்’ என்று சொல்லக் கூடாது.

மரபுத்தொடர்களில் ஒரு சிறு சொல்லே பொருளைப் புரட்டிவிடும். ‘வாக் அவுட்’ என்பது சட்டமன்றச் செய்திகளால் நமக்குப் பழகிய வெளிநடப்பு. அதோடு ‘ஆன்’ சேர்ந்து மனைவியோ கணவனோ பிள்ளையோ அடுத்து வந்தால், அவர்களைக் கைவிட்டுப் போனதாக ஆகிவிடும். ‘வாக் ஆஃப் வித்’ என்பதும் கூட நடந்து போவதன்று. ‘ஹி வாக்ட் ஆஃப் வித் மை பென்’ என்றால் கேட்காமல் என் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பொருள். பரிசைப் பற்றிச் சொன்னால் எளிதாக வென்றதைக் குறிக்கும்.

‘வாக்கிங் ஆன் எக்ஷெல்ஸ்’ என்பதைப் பலர் நம் ‘கத்திமேல் நடப்பது’ என்பதோடு பொருத்திவிடுகிறார்கள். முட்டை ஓட்டின்மேல் நடப்பவர், எளிதில் முகம் சுளிக்கும் ஒருவரிடம் வார்த்தையை அளந்து பேசுகிறவர். சற்றுப் பிசகினாலும் ஆபத்து என்ற நம் தொடரின் பொருளுக்கு, கயிற்றின்மேல் நடப்பதைச் சொல்லும் ‘வாக்கிங் எ டைட்ரோப்’ என்பதே நெருக்கமாக வரும்.