கற்பனை உலக வரைபடம்: புவித்தட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதைக்காகவோ விளையாட்டுக்காகவோ ஓர் உலகத்தை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கண்டங்களை வரைகிறார்கள். அப்புறம் பிடித்த இடத்தில் மலைகளை வைக்கிறார்கள். கடைசியில்தான் அவற்றுக்கு ஏற்ற மாதிரி புவித்தட்டுகளுக்கு, அதாவது பூமியின் மேற்பரப்பில் மெல்ல நகரும் பெரும் பாறைத் துண்டுகளுக்கு, கோடு போடுகிறார்கள். பாதிப் பிழைகளுக்கு இந்த வரிசைதான் காரணம். மலையும் எரிமலையும் தட்டுகளின் நகர்வால் வருபவை. எந்தத் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் அம்புக்குறி போட்டுக்கொண்டால், மலை எங்கே எழ வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதிகம் கண்ணில் படும் தவறு, கடற்கரையையே தட்டின் எல்லையாக்கிவிடுவது. இந்தியத் தட்டைப் பாருங்கள். அது சென்னைக் கடற்கரையோடு முடிவதில்லை. வங்காள விரிகுடாவுக்கு அடியில் தொடர்ந்து போய், அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் மேற்கே கடலடியில் நீளும் ஆழப் பள்ளமான அகழியில் பக்கத்துத் தட்டின் கீழே நுழைகிறது. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் பூமி அதிர்ந்தது அந்த எல்லையில்தான். பேரலை தாக்கிய நாகப்பட்டினம் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தென் அமெரிக்காவிலும் இப்படித்தான்: மேற்குக் கரையை ஒட்டி அகழி, ஆண்டீஸ் மலை, எரிமலைகள் எல்லாம் உண்டு. கிழக்கே பிரேசில் கரை அமைதியாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கத்து எல்லை அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கிறது. ஆகவே கண்டத்தின் எல்லாக் கரைகளிலும் மலைகளை அடுக்காதீர்கள்.

அடுத்தது, எல்லா மோதலையும் ஒரே மாதிரி வரைவது. எது எதோடு மோதுகிறது என்பதுதான் முக்கியம். கடலடி மேலோடு (மேலோடு என்பது பூமியின் வெளிப்புறப் பாறை அடுக்கு) சுமார் 7 கிலோமீட்டர் தடிமன்தான், ஆனால் அடர்த்தி அதிகம். கண்ட மேலோடு சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன், அடர்த்தி குறைவு. இரண்டும் மோதினால் கடலடித் தட்டுதான் கீழே போகும். சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது அதிலிருந்து வெளியேறும் நீர், மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அங்கே உருகும் குழம்புதான் எரிமலையாக வெளிவருகிறது. அதனால் எரிமலைகளை எல்லைக்கோட்டின் மீதே வைப்பது தவறு. அகழியிலிருந்து 100 முதல் 300 கிலோமீட்டர் தள்ளி, மேலே இருக்கும் தட்டின் பக்கம் மட்டும் அவற்றை வரிசையாக வையுங்கள். இரண்டுமே கடலடித் தட்டுகள் என்றால், அலாஸ்காவை அடுத்த அலூசியன் தீவுகளைப் போல வில்லாக வளைந்த தீவு வரிசை கிடைக்கும்.

இரண்டு கண்டங்கள் மோதும்போது கதையே வேறு. எதுவும் எளிதில் அமிழாது, மேலோடு மடிந்து தடிக்கும். இமயமலை அப்படி எழுந்ததுதான். அதனால்தான் அங்கே சீறும் எரிமலை வரிசை கிடையாது. அதன் பின்னால் திபெத் என்ற பெரிய பீடபூமி இருக்கிறது, அங்கே மேலோட்டின் தடிமன் சுமார் 70 கிலோமீட்டர். வரைபடங்களில் பலர் மெல்லிய மலைவரிசையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் அந்த அகன்ற மேட்டுநிலம்தான் பயணப் பாதைகளையும் ஆறுகளின் போக்கையும் முடிவு செய்யும்.

அம்புக்குறிகளை ஒப்பிடாமல் விடுவதும் உண்டு. இரண்டு தட்டும் கிழக்கே போகின்றன என்பதால் மோதல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கே இருப்பது ஆண்டுக்கு 6 சென்டிமீட்டரும் கிழக்கே இருப்பது 2 சென்டிமீட்டரும் நகர்ந்தால், இடைவெளி ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் சுருங்கும். பத்து லட்சம் ஆண்டுகளில் அது 40 கிலோமீட்டர். தட்டுகள் கோளத்தின் மேல் சுழல்வதால், ஒரே எல்லையின் ஒரு முனையில் மோதலும் மறுமுனையில் பக்கவாட்டில் நழுவும் உரசலும் இருக்கலாம். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் போன்ற உரசல் எல்லையில் நிலநடுக்கம் உண்டு, எரிமலை வரிசை இருக்காது.

எல்லா மலையையும் இன்றைய எல்லையில் மட்டும் வைத்தால் அந்த உலகம் நேற்றுப் பிறந்தது போலிருக்கும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகள் இன்றைய எல்லை எதற்கும் அருகில் இல்லை. கண்டங்கள் மோதி சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன, தேய்ந்து தேய்ந்து இன்று அதன் உச்சியே 2,037 மீட்டர்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையோ மோதலில் எழுந்ததே இல்லை. மடகாஸ்கர் பிரிந்து போன பக்கத்தில் உயர்ந்து நிற்கும் நிலவிளிம்பு அது. இந்த மாதிரி ஒன்றிரண்டு பழைய மலைகளை உள்நாட்டில் வையுங்கள்.

எல்லையிலிருந்து விலகி, கடல் நடுவே தனி எரிமலை வைக்க ஆசையா? தாராளமாக வைக்கலாம். ஆனால் தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால், அதற்கு ஒரு தடம் இருக்க வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பப்புள்ளிதான் (தட்டுக்கு அடியில் ஏறக்குறைய நகராமல் நிற்கும் சூடான இடம்), இந்தியா வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு வரிசைக்கு அடித்தளம் போட்டது. இன்று இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எரிமலை வெடிப்பதும் அதனால்தான். உங்கள் படத்தில் எரியும் தீவிலிருந்து அம்புக்குறி காட்டும் திசையிலேயே தீவுகளை வரையுங்கள். தள்ளிப் போகப் போக வயது கூடும், உயரம் குறையும், கடைசியில் பவளத்திட்டுகள் மட்டும் மிஞ்சும்.