சுரங்கத்துக்குக் குறித்த ஆழ்கடலில் புழுக்களைச் சிதையாமல் சேகரிக்க

பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் மண்டலத்தில், 4,000 முதல் 5,500 மீட்டர் ஆழத்தில், மாங்கனீசு முடிச்சுகள் (உலோகம் செறிந்த கட்டிகள்) பரவிக் கிடக்கின்றன. 2023இல் வந்த மதிப்பீட்டின்படி, அங்குள்ள விலங்கினங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு இன்னும் அறிவியல் பெயர் இல்லை. வண்டலில் பாலிகீட்டா எனும் வளையவுடல் புழுக்கள் மிகுதி. முடிச்சுகளை அள்ளத் தொடங்கும் முன்பே இந்தப் புழுக்களைக் கணக்கெடுத்தாக வேண்டும்.

கடலடி மண்ணைப் பெட்டியாக வெட்டியெடுக்கும் கருவியான, 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள பாக்ஸ் கோரரைக் கப்பலிலிருந்து இறக்கும்போது, தரை நெருங்கியதும் வேகத்தைக் குறையுங்கள். வேகமாக இறங்கினால், முன்னால் தள்ளப்படும் நீர் மேல்வண்டலை ஒதுக்கிவிடும். புழுக்களில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். பெட்டி மேலே வந்ததும் மண்மீது நிற்கும் நீரைப் பாருங்கள். அது வடிந்தோ மிகவும் கலங்கியோ இருந்தால், அந்த மாதிரியை எண்ணிக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெளிவாக இருந்தால் அந்த நீரையும் உறிஞ்சியெடுத்து 300 மைக்ரான் சல்லடையில் விடுங்கள். முடிச்சுகளைத் தனியே கழுவுங்கள், அவற்றின் இடுக்குகளிலும் புழுக்கள் இருக்கும். பிறகு வண்டலை 0–2, 2–5, 5–10 சென்டிமீட்டர் அடுக்குகளாக வெட்டுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது சலிக்கும்போதுதான். கடலடி நீரின் வெப்பநிலை சுமார் 1.5 டிகிரி, மேற்பரப்பிலோ 25ஐத் தாண்டும். கப்பல் தளத்துக் குழாய்நீரில் கழுவினால் உடல் குழைந்துவிடும், செதில்புழுவின் செதில்கள் உதிர்ந்துவிடும். இனத்தை அடையாளம் காண உதவுபவையே அந்த உறுப்புகள். வடிகட்டி, 2–4 டிகிரிக்குக் குளிரவைத்த கடல்நீரையே பயன்படுத்துங்கள். நீரைப் பீய்ச்ச வேண்டாம். சல்லடையை நீருக்குள் வைத்து மெல்ல ஆட்டினால் போதும்.

உயிருடன் இருக்கும்போதே படமெடுங்கள், எத்தனாலில் நிறம் போய்விடும். தனிப் புழுக்களை 80 சதவீத எத்தனாலில் வையுங்கள். 96 சதவீதத்தில் உடல் விறைத்து முறியும். மீதி வண்டலுக்கு 96 சதவீதம் நல்லது, ஏனெனில் வண்டலின் ஈரமே அதை நீர்க்கச் செய்யும். ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றி ஊற்றுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது டிஎன்ஏவைச் சிதைக்கும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்.

புழுக்கள் துண்டாகியே வரும் என்பதால் தலைகளை மட்டும் எண்ணுங்கள். டிஎன்ஏவுக்கு வால்பக்கத்திலிருந்து சிறு துண்டு போதும், தலை அருங்காட்சியகத்துக்கு. இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ மரபணுவை ஆய்வகத்தில் படியெடுத்துப் பெருக்குவது பாலிகீட்டாவில் பல நேரம் தோற்றுவிடும், அதனால் 16எஸ் என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பல இனங்கள் ஒரே ஒரு புழுவாகத்தான் கிடைக்கும். அதற்கு ‘ஸ்பியோனிடே இனம் 7’ என்று (ஸ்பியோனிடே ஒரு பாலிகீட்டா குடும்பம்) தற்காலிகப் பெயர் வைத்தால், குப்பி எண், படம், டிஎன்ஏ வரிசை மூன்றையும் அதனுடன் இணைத்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துச் சுரங்க உரிமப்பகுதியின் ‘இனம் 7’ இதேதானா என்று யாராலும் ஒப்பிட முடியாது.