பக்ஸில்லா அப்கிரேட்: சர்வரில் கை வைப்பதற்கு முன் போட வேண்டிய திட்டம்

ஒரு கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் பக்ஸில்லாவை (மென்பொருளில் கண்ட குறைகளை, அதாவது பக்குகளை, எண் போட்டுப் பதிந்து கண்காணிக்கும் வலைச் செயலி) பராமரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருப்பது அதன் 4.4 அல்லது 5.0 பதிப்பு. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சர்வரின் இயங்குதளமும் பழசு. 2024 செப்டம்பரில் வந்த 5.2-க்கு இதை நகர்த்த வேண்டும். எங்கே தொடங்குவது?

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்ஸில்லா அப்கிரேடில் உண்மையான வேலையைச் செய்வது செக்செட்அப் என்ற பெர்ல் நிரல். புதிய பதிப்பின் கோப்புகளை வைத்துவிட்டு அதை ஓட்டினால், டேட்டாபேஸில் எந்த அட்டவணை பழசு, அதில் எந்தப் பத்தி (நெடுவரிசை) இல்லை என்று பார்த்துத் தானே மாற்றிவிடும். 4.4-லிருந்து 5.0, அப்புறம் 5.2 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டியதில்லை, நேராகவே தாவலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. மாறிய டேட்டாபேஸைப் பழையபடி ஆக்க எந்தக் கட்டளையும் கிடையாது. பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றே வழி. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால்தான் தேவைப்படுகின்றன.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பக்ஸில்லா பதிப்பு, பெர்ல் பதிப்பு, டேட்டாபேஸின் பெயரும் பதிப்பும், இயங்குதளம், எக்ஸ்டென்ஷன்ஸ் (கூடுதல் நீட்சிகள்) அடைவில் இருப்பவை, கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை). எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கிரானில் புள்ளிவிவரம் சேகரிப்பதும், குறித்த நேரத்தில் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் வைன் நிரலும் பெரும்பாலும் இருக்கும். அஞ்சல்களை வரிசையில் போட்டு அனுப்பும் ஜாப்க்யூ தனியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது, யாரோ எப்போதோ செய்த கைவேலைகளைக் கண்டுபிடிப்பது. கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக நிறுவியிருந்தால், மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் கட்டளை கொடுத்தால் போதும். தார் கோப்பிலிருந்து நிறுவியிருந்தால், அதே பழைய பதிப்பைப் புதிதாக இறக்கி, சர்வரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பக்கங்களின் வடிவத்தைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட்டுகளின் டிஃபால்ட் அடைவிலேயே நேராகத் திருத்தியிருந்தால் புதிய பதிப்பு வரும்போது அவை அழிந்துவிடும், அல்லது கிட் மோதலாக வந்து நிற்கும். கஸ்டம் அடைவில் வைத்திருந்தால் அழியாது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அந்தப் பழைய டெம்ப்ளேட் புதியதை மறைத்துவிடும். பக்கம் திறக்கும், ஒரு பொத்தான் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே கஸ்டம் அடைவில் உள்ள ஒவ்வொன்றையும் புதிய டிஃபால்ட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பாதி திருத்தங்கள் இனி யாருக்கும் தேவைப்படாது என்பதுதான் என் அனுபவம்; தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

டேட்டாபேஸ் பதிப்பைக் கவனிக்கச் சொன்னதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பக்ஸில்லாவில் பயனர் குழுக்களை வைக்கும் அட்டவணையின் பெயர் க்ரூப்ஸ். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் 8-ஆம் பதிப்பு வந்தபோது அந்தச் சொல்லையே தனக்கென ஒதுக்கிக்கொண்டது. மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது அட்டவணைப் பெயராக ஏற்கப்படாது. அதனால் 'முதலில் இயங்குதளத்தை மட்டும் மாற்றுவோம், பக்ஸில்லாவை அப்புறம் பார்ப்போம்' என்று மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8-க்குத் தாவியவர்களின் பழைய பக்ஸில்லா அன்றே படுத்துவிட்டது. 8-க்கான ஆதரவு 5.2-இல் இருக்கிறது. 5.7-க்கான ஆதரவோ 2023 அக்டோபரோடு முடிந்தது. பக்ஸில்லா, மைஎஸ்கியூஎல் இரண்டையும் சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். அப்படியானால் பழைய சர்வரின் மேலேயே வேலை செய்யாதீர்கள். புதிய சர்வர் ஒன்றை எழுப்பி, தரவை அங்கே கொண்டுபோங்கள். மைஎஸ்கியூஎல் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கோப்பாக எழுதியெடுப்பது) எடுக்கும்போது பெயர்களுக்கு மேற்கோள் குறி தானாக விழும் என்பதால், டம்ப்பைப் புதியதில் ஏற்றுவதில் அந்தச் சொல் தொல்லை தராது.

படி 2: மேம்படுத்தலா, இடமாற்றமா?

பேச்சை எடுத்ததுமே 'கிட்லேப் போயிடலாமே' (நிரலையும் பக்குகளையும் ஒரே இடத்தில் வைக்கும் தளம்) என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நியாயமான கேள்விதான். குனோம் டெஸ்க்டாப் திட்டம் 2018-இல் அப்படித்தான் போனது. விக்கிமீடியா 2014 நவம்பரில் பக்ஸில்லாவை விட்டு ஃபேப்ரிகேட்டர் என்ற பணி கண்காணிப்புக் கருவிக்கு மாறியபோது, பழைய பக் எண்ணோடு 2000-ஐக் கூட்டிப் புதிய எண் கொடுத்தார்கள். பழைய பக் 1 தேடினால் டி2001-இல் கிடைக்கும். ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? கமிட் செய்திகளிலும் (நிரல் மாற்றத்தோடு எழுதும் குறிப்புகள்) அஞ்சல் குழுக்களிலும் ஆண்டுக்கணக்கில் சிதறிக் கிடக்கும் எண்கள் செத்துப்போகக் கூடாது என்பதால். பக்ஸில்லாவுக்குள்ளேயே மேம்படுத்தினால் இந்தக் கவலையே இல்லை. எண்ணும் மாறாது, இணைப்பும் மாறாது. இடமாற்றம் வேண்டுமென்றால் அது வேறொரு திட்டம், வேறொரு வருடம். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

படி 3: மனிதர் அல்லாத பயனர்களைத் தேடுங்கள்

கமிட் செய்தியைப் படித்து பக்கை மூடும் கிட் ஹூக், அரட்டை அறையில் பக் தலைப்பைச் சொல்லும் பாட், யாரோ ஒருவரின் வாராந்திர அறிக்கை நிரல். இவை எவையென்று சமூகத்தில் கேட்டால் பாதிதான் தெரியவரும். வெப் சர்வரின் அணுகல் பதிவுகளில் எக்ஸ்எம்எல்ஆர்பிசி, ஜேசன்ஆர்பிசி, ரெஸ்ட் என்று வெளி நிரல்கள் பேசுவதற்கான மூன்று சிஜிஐ கோப்புகளுக்கு வரும் கோரிக்கைகளைப் பிரித்துப் பாருங்கள். மீதியும் வெளியே வரும். ரெஸ்ட் வழியும் ஏபிஐ சாவியும் (நிரல்கள் கடவுச்சொல்லுக்குப் பதில் காட்டும் குறியீடு) 5.0-இல்தான், அதாவது 2015-இல்தான் வந்தன. 4.4-இலிருந்து வருபவர்களின் நிரல்கள் எல்லாம் பழைய வழியிலேயே பேசிக்கொண்டிருக்கும்.

கேடிஇ டெஸ்க்டாப் திட்டத்தின் டாக்டர்கொன்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செயலி நொறுங்கி விழுந்தால், பயனரின் கணினியிலிருந்தே நேராக பக்ஸில்லாவில் அறிக்கை பதியும் கருவி அது. இப்படி ஒன்று உங்கள் சமூகத்தில் இருந்தால், அதன் பழைய பதிப்புகள் ஊரெல்லாம் பரவிக் கிடக்கும். அவற்றை உங்களால் திருத்த முடியாது. ஆகவே அந்தப் பதிப்புகள் புதிய சர்வரோடு பேசுகின்றனவா என்பது சோதனைப் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

படி 4: நகல் எடுங்கள், அதன் வாயைக் கட்டுங்கள்

நகலுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: டேட்டாபேஸ் டம்ப், டேட்டாபேஸ் இணைப்பு விவரங்கள் உள்ள லோக்கல்கான்ஃபிக் கோப்பு, டேட்டா அடைவு. டம்ப் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இணைப்புக் கோப்புகள் பெரும்பாலும் டேட்டாபேஸுக்குள் இருந்தாலும், அளவு வரம்பைத் தாண்டிய பெரியவை டேட்டா அடைவில் தனியாகக் கிடக்கும். பேக்கப்புக்கும் இதே கணக்குத்தான்.

டம்ப்பைப் புதிய இடத்தில் ஏற்றும்போது பாதியில் நின்றால், மைஎஸ்கியூஎல்லின் மேக்ஸ் அலவ்ட் பாக்கெட் (ஒரே தடவையில் ஏற்கும் உச்ச அளவு) எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் மிகப் பெரிய இணைப்புக் கோப்பைவிட அது பெரிதாக இருக்க வேண்டும்.

இப்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம். பக்ஸில்லாவின் அமைப்புகள் டேட்டாபேஸில் இல்லை. டேட்டா அடைவில் உள்ள பாராம்ஸ் கோப்பில் இருக்கின்றன. அந்த அடைவை அப்படியே நகலெடுத்தால், அஞ்சல் அமைப்பும் அசல் தள முகவரியும் சேர்ந்தே வந்துவிடும். நகலில் 'சும்மா சோதனை' என்று ஒரு பழைய பக்கில் கமென்ட் போடுவீர்கள். அதைப் பின்தொடரும் இருநூறு பேருக்கு அஞ்சல் போகும், அதுவும் அசல் தளத்தின் இணைப்போடு. டம்ப்பில் அனுப்பாமல் நின்ற அஞ்சல் வரிசை இருந்தால், ஜாப்க்யூவை ஓட்டியதும் அதுவும் கிளம்பும்.

எனவே, நகலை உலாவியில் திறப்பதற்கு முன்பே பாராம்ஸ் கோப்பைத் திறந்து (5.0 முதல் இது ஜேசன் வடிவில் இருக்கும்) அஞ்சல் அனுப்பும் முறையை டெஸ்ட் என்று மாற்றுங்கள். அப்போது ஒவ்வொரு அஞ்சலும் வெளியே போகாமல் டேட்டா அடைவில் ஒரு கோப்பில் போய் விழும். அஞ்சலின் வடிவத்தைச் சரிபார்க்கவும் அது உதவும். தள முகவரியையும் மாற்றுங்கள். கிரானை நிறுத்துங்கள். இத்தனைக்கும் மேலே, டேட்டாபேஸில் எல்லாப் பயனர்களுக்கும் அஞ்சலை முடக்கும் பத்தியை 1 என்று வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

அந்த நகலில் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும், கடவுச்சொல்லின் மறைவடிவமான ஹாஷும், இன்னும் வெளியிடாத பாதுகாப்பு பக்குகளும் இருக்கின்றன. அதனால் வெப் சர்வர் மட்டத்திலேயே கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். சோதிக்க வருகிறவர்களுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

படி 5: கடிகாரத்தோடு ஒத்திகை

முதலில் செக்செட்அப்பை மாட்யூல்களை மட்டும் சரிபார்க்கச் சொல்லி ஓட்டுங்கள். குறையும் பெர்ல் மாட்யூல்களின் பட்டியலைத் தரும். முடிந்தவரை இயங்குதளத்தின் தொகுப்புகளிலிருந்தே அவற்றை நிறுவுங்கள். பின்னாளில் பராமரிக்க அதுவே சுலபம்.

அப்புறம் முழு ஓட்டம். டம்ப் எடுக்க எவ்வளவு, நகலெடுக்க எவ்வளவு, ஏற்ற எவ்வளவு, செக்செட்அப் முடிக்க எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறியுங்கள். முழுஉரைத் தேடல் அட்டவணையை நிரப்புகிறேன், நேரமாகும் என்று அது சொன்னால் நம்புங்கள். பெரிய தளங்களில் திரை அசையாமல் நிற்கும். பயந்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள். திரையில் வரும் அத்தனையையும் ஒரு கோப்பில் சேமியுங்கள்.

ஓடிய பிறகு நிர்வாகப் பக்கத்தில், தரவில் முரண் உண்டா என்று பார்க்கும் சானிட்டி செக்கை ஓட்டுங்கள். அது காட்டும் பிழைகளில் சில பல ஆண்டுப் பழசாக இருக்கும். பழைய தளத்திலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால்தான் எது புதிது என்று தெரியும்.

எந்தக் கட்டளை தடுக்கியதோ அதைக் குறிப்பில் திருத்தி, மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். குறிப்பை மட்டும் பார்த்து, யோசிக்காமல், தடங்கல் இல்லாமல் முடிக்க முடிகிற வரை ஒத்திகை முடியவில்லை.

படி 6: நாளும் திரும்பும் நேரமும்

வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். லிப்ரேஆபிஸ் போலப் பிப்ரவரி, ஆகஸ்ட் என்று பெரிய வெளியீடுகள் வைத்திருக்கும் சமூகத்தில், அவற்றை ஒட்டிய நாள்களில்தான் பக்ஸில்லாவில் கூட்டம். அறிவிப்பில் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) கொடுங்கள். 'ஞாயிறு காலை' என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காலை. காலை 06:00 யுடிசி என்றால் நமக்கு 11:30.

ஒத்திகையில் மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால், நான்கு மணி நேரம் மூடியிருக்கும் என்று அறிவியுங்கள். கூடவே திரும்பும் நேரம் ஒன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: 'மூன்றாவது மணிக்குள் செக்செட்அப் முடியாவிட்டால் பழையதைத் திறந்துவிடுவோம்.' அதைச் சொல்ல இன்னொருவரை நியமியுங்கள். கீபோர்டில் இருப்பவருக்கு எப்போதும் 'இன்னும் பத்தே நிமிடம்' என்றுதான் தோன்றும்.

ஐபி முகவரி மாறுகிறதென்றால், முந்தைய நாளே, தளப் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளைக் குறைத்துவிடுங்கள்.

படி 7: அன்றைய தினம்

பழைய தளத்தில் ஷட்டவுன் செய்தியைப் போடுங்கள். அது போட்டதும் அமைப்புப் பக்கம் தவிர வேறெதுவும் யாருக்கும் திறக்காது, உங்களுக்கும்தான். கிரானையும் ஜாப்க்யூவையும் நிறுத்திவிட்டு டம்ப் எடுங்கள். டேட்டா அடைவோடு அந்த ஷட்டவுன் அமைப்பும் புதிய சர்வருக்கு வந்திருக்கும். அங்கே அதை எடுத்துவிட்டு, கதவை வெப் சர்வர் கடவுச்சொல்லால் பூட்டிவைத்துச் சோதியுங்கள்.

சோதிக்க வேண்டியவை: புதிய பக் பதிவது, பழைய இணைப்புக் கோப்பு திறப்பது, சேமித்த தேடல்கள், அஞ்சல், ஏபிஐ நிரல்கள். தமிழோ பிரெஞ்சோ ஆங்கிலம் அல்லாத எழுத்து உள்ள ஒரு பழைய பக்கைத் திறந்து, எழுத்துகள் கேள்விக்குறியாக மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள். அப்புறம் லாகின் செய்யாமல் ஒரு பாதுகாப்பு பக்கின் எண்ணைத் தட்டிப் பாருங்கள். திறந்தால், தளத்தைத் திறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் திறப்பதற்கு முன்பே சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதவைத் திறந்து யாரோ ஒருவர் முதல் கமென்ட் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு பழையதற்குத் திரும்புவது என்பது அவருடைய உழைப்பை அழிப்பது. அதுவரை திரும்புவது இலவசம்.

திறந்த பின் அஞ்சல் அமைப்பையும் தள முகவரியையும் மறுபடி பார்த்துவிட்டு, ஜாப்க்யூவையும் கிரானையும் தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் வெப் சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தே வைத்திருங்கள். பழைய சர்வரைச் சில வாரங்களுக்கு அழிக்காதீர்கள், ஆனால் யாரும் எழுத முடியாதபடி மூடியே வையுங்கள். ஒத்திகைக்கு எடுத்த நகலையும் அதன் டம்ப்பையும் மட்டும் அந்த வாரமே அழித்துவிடுங்கள்.