ஈ-ரீடர் திரைக்குப் படம் தயார் செய்வது எப்படி? கிம்ப்பில் முழு செய்முறை

போனில் பளிச்சென்று இருக்கும் படத்தைக் கிண்டிலில் ஏற்றிப் பார்த்தால் முகம் இருண்டு கிடக்கும், வானம் பட்டை பட்டையாகத் தெரியும், வரைபடத்தின் எழுத்துகள் மங்கிப்போயிருக்கும். திரையில் கோளாறு எதுவும் இல்லை. வண்ணப் படத்தை அப்படியே கொடுத்தால், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று ரீடரே ஒரு பொதுக் கணக்கு போட்டு முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவை முன்கூட்டியே நம் கையில் எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலை.

இதற்குப் படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.10 போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடும். மெனு பெயர்களை ஆங்கிலத்தில் தெரியும் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம்.

திரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

2007-இல் வந்த முதல் கிண்டிலில் 4 சாம்பல் படிகள்தான் இருந்தன. 2009-இல் வந்த கிண்டில் 2-இல் அது 16 ஆனது. இன்றைய கறுப்பு வெள்ளை ரீடர்களிலும் பெரும்பாலும் அதே 16தான். கணினியில் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை இருக்கும் அளவுகள் இங்கே 0, 17, 34, 51 என்று 17, 17 ஆகத் தாவிப் போகும். தவிர, இந்தத் திரையின் வெள்ளை செய்தித்தாளின் வெள்ளை மாதிரி சற்று மங்கலானது. கறுப்பும் முழுக் கறுப்பு அல்ல, அடர்ந்த சாம்பல். போனில் தெரிந்த நிழல் விவரங்கள் இங்கே ஒரே திட்டாகிவிடுவது இதனால்தான்.

உங்கள் ரீடரின் பிக்சல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த 6 அங்குல கிண்டில் பேப்பர்வைட்டும், கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் கிளாரா எச்டியும் 1072 × 1448. 2021-இன் 6.8 அங்குல பேப்பர்வைட் 1236 × 1648. கோபோ லிப்ரா 2 என்றால் 1264 × 1680. இவை எல்லாமே அங்குலத்துக்கு 300 பிக்சல் கொண்டவை. கீழே 1072 × 1448-ஐ வைத்தே சொல்கிறோம், உங்கள் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். படம் முழுத்திரையில் அதே அளவில் தெரியப் போகிறதா, அல்லது மின்னூலுக்குள் பக்கத்தோடு சேர்ந்து வரப் போகிறதா? கோபோவின் உறக்கத் திரை, கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலியில் நேராகத் திறக்கும் படம் ஆகியவை முதல் வகை. ஈபப் என்ற மின்னூல் கோப்புக்குள் செருகும் படம் இரண்டாம் வகை. கடைசிப் படியில் இரண்டும் பிரிந்து போகும்.

படி 1: நகல், திருப்பம், வெட்டு

மூலப் படத்தைத் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். போனில் எடுத்த படத்தைத் திறக்கும்போது படத்தைத் திருப்பவா என்று கிம்ப் கேட்டால் ரொட்டேட் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் சில ரீடர்களில் படம் படுத்துக்கொண்டு வரும்.

பின்னணி ஒளிபுகும் பிஎன்ஜி என்றால் இமேஜ் மெனுவில் ஃப்ளாட்டன் இமேஜ் கொடுத்துவிடுங்கள். பின்னணி நிறம் வெள்ளையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளிபுகும் பகுதியைச் சில ரீடர்கள் கறுப்பாகக் காட்டும், கறுப்புக் கோட்டுப் படம் அதில் மூழ்கிவிடும்.

தேவையில்லாத ஓரங்களைத் தயங்காமல் வெட்டுங்கள். 6 அங்குலத் திரையில் எட்ட நின்று எடுத்த குழுப்படத்தில் யார் முகமும் தெரியாது.

படி 2: சாம்பலாக்குவது

பலரும் இமேஜ் மெனுவில் மோட், கிரேஸ்கேல் என்று ஒரே அழுத்தில் முடித்துவிடுவார்கள். சாதாரணப் புகைப்படத்துக்கு அது போதும். வரைபடம், விளக்கப்படம், பாடநூல் படம் என்றால் போதாது.

ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். காடு கரும்பச்சை, அதன் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முறையே 30, 95, 40. குறுக்கே போகும் சாலை சிவப்பு, அளவு 220, 40, 40. கலர்ஸ் மெனுவின் டீசாச்சுரேட்டில் லூமா முறை சிவப்புக்கு 0.22, பச்சைக்கு 0.72, நீலத்துக்கு 0.06 என்று எடை போடும். பச்சையின் மதிப்பு ஏறத்தாழ 77, சிவப்பின் மதிப்பு ஏறத்தாழ 80. 16 படிகளுக்குள் வந்தால் இரண்டுமே 85-இல் உட்கார்ந்துவிடும். காட்டுக்குள் சாலையே இருக்காது.

இதற்கு மருந்து அதே டீசாச்சுரேட்டுக்குள் இருக்கும் மோனோ மிக்ஸர். சிவப்புக்கு 0.7, பச்சைக்கு 0.3, நீலத்துக்கு 0 கொடுங்கள். சாலை 160-க்கு மேல் ஏறி வெளிறும், காடு 60-க்குக் கீழே இறங்கிக் கருக்கும். சாலை பளிச்சென்று பிரிந்து தெரியும். மூன்று எண்களின் கூட்டுத்தொகை 1-ஐ ஒட்டி இருக்கட்டும். கூடினால் வெளிச்சமான இடங்கள் வெந்துபோகும், குறைந்தால் படம் முழுக்க இருளும்.

நாலைந்து நிறங்களுக்கு மேல் உள்ள வரைபடத்தில் எந்த எண்களைப் போட்டாலும் ஏதோ இரண்டு நிறம் ஒட்டிக்கொள்ளும். அங்கே கலவையோடு போராடாமல், ஒரு பகுதிக்குக் கோட்டு நிரப்பு, இன்னொன்றுக்குப் புள்ளி நிரப்பு என்று மாற்றி வரைந்துவிடுங்கள்.

பிரித்து முடித்ததும் மோடைக் கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள்.

படி 3: அளவு

முழுத்திரைப் படம் என்றால் பிக்சல் கணக்கு சரியாக இருக்க வேண்டும். போன் படம் பொதுவாக 3:4. இமேஜ் மெனுவின் ஸ்கேல் இமேஜில் உயரம் 1448 கொடுத்தால் அகலம் 1086 வரும். மிஞ்சும் 14 பிக்சலைக் அதே மெனுவின் கேன்வாஸ் சைஸில் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறியைப் பிரித்து, அகலம் 1072 என்று போட்டு, சென்டர் அழுத்தி, பக்கத்துக்கு 7 ஆக வெட்டிவிடுங்கள். இழுத்து நீட்டிச் சரிக்கட்டாதீர்கள்.

படத்தைப் பாதி அளவுக்கும் கீழே சுருக்கும்போது ஸ்கேல் இமேஜ் பெட்டியில் உள்ள இன்டர்போலேஷனில் நோஹாலோ தேர்ந்தெடுங்கள். லேசாகச் சுருக்குவதற்கு லோஹாலோ.

கோட்டுப் படங்கள் கெடுவது இந்தப் படியில்தான். 4000 பிக்சல் அகலப் படம் 1072-க்கு வரும்போது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிறது. 3 பிக்சல் தடிமனுள்ள கோடு ஒரு பிக்சலுக்கும் குறைந்து வெளிர்சாம்பல் நூலாகிவிடும். முடிவில் 2 பிக்சலாவது நிற்க வேண்டுமானால் மூலத்தில் 8 பிக்சல் வேண்டும்.

எழுத்துக்கும் இதே கணக்கு. 300 பிக்சல் திரையில் 8 பாயின்ட் எழுத்து என்பது சுமார் 33 பிக்சல் உயரம். தமிழுக்கு அதற்குக் கீழே இறங்காதீர்கள். முதலில் அடிபடுவது புள்ளி: “கடற்கரை” மங்கி “கடறகரை” ஆகும். சுருக்கிய பிறகு படத்தை 100% பெரிதாக்கத்தில் வைத்து மெய்யெழுத்துகளை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். புள்ளி கரைந்திருந்தால் பழைய எழுத்தை அழித்து, சுருக்கிய படத்தின் மேல் புதிதாக எழுதுவதே நல்லது.

படி 4: வெளிச்சமும் கூர்மையும்

கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறங்கள். புகைப்படத்துக்கு நடு முக்கோணத்தை 1.2 அளவுக்கு ஏற்றுங்கள், முகம் இருட்டாக இருந்தால் 1.35 வரை போகலாம். கணினித் திரையில் படம் கொஞ்சம் வெளிறித் தெரியும், பயப்பட வேண்டாம், ரீடரில் சரியாக உட்காரும்.

ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் வலது முக்கோணத்தில் கவனம் வையுங்கள். பழுப்பேறிய தாள் 225-ஐ ஒட்டி நிற்கும். அப்படியே விட்டால் பக்கம் முழுக்க அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். ஹிஸ்டோகிராம் எனும் வெளிச்ச அளவு வரைபடத்தில் தாளுக்குரிய மேடு தொடங்கும் இடம் வரை முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்தால் தாள் சுத்த வெள்ளையாகும்.

அடுத்து ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஷார்பன். ரேடியஸ் 0.8, அமௌன்ட் 0.5. இதைச் சுருக்கிய பிறகுதான் செய்ய வேண்டும், முன்பே செய்தால் சுருக்கும்போது கரைந்துவிடும். விளிம்புகளில் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது.

படி 5: டிதரிங், முழுத்திரைக்கு மட்டும்

வானத்தின் அளவு 128 என்று வைத்துக்கொள்வோம். 16 படிகளில் 128 கிடையாது, 119 உண்டு, 136 உண்டு. வெறுமனே கிட்டத்துப் படிக்குத் தள்ளினால் மென்மையான வானம் வரப்பு வரப்பாகப் பிரியும். டிதரிங் செய்வது வேறு: ஒரு பிக்சலைத் தள்ளும்போது வந்த பிழையை அக்கம்பக்கத்துப் பிக்சல்களுக்குப் பங்கு போடுகிறது. 1976-இல் வெளியான ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறையில் வலப்பக்கத்துக்கு 16-இல் 7 பங்கு, கீழே உள்ள மூன்றுக்கு முறையே 3, 5, 1. இதனால் 119-உம் 136-உம் கலந்து விழும், கண் அதை 128 என்றே எடுத்துக்கொள்ளும்.

கலர்ஸ் மெனுவில் டிதர். ரெட், கிரீன், புளூ மூன்றின் லெவல்ஸும் 16. முறை ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க். பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இதை ஜேபெக்கில் சேமித்தால் புள்ளிகள் குழம்பி, போட்ட உழைப்பு வீணாகிவிடும்.

மின்னூலுக்குள் போகும் படத்துக்கு இந்தப் படியை முழுதாகத் தாண்டிவிடுங்கள். வாசகர் ஓரத்தின் அகலத்தை மாற்றினாலே ரீடர் படத்தை வேறு அளவுக்குச் சுருக்கும். டிதர் செய்த புள்ளிகள் சுருங்கும்போது படத்தின் மேல் வலை விரித்த மாதிரி அலைக்கோடுகள் வரும். அதனால் படி 4-ஓடு நிறுத்தி, புகைப்படத்தை ஜேபெக்கில் 85 முதல் 90 தரத்திலும், கோட்டுப் படத்தைப் பிஎன்ஜியிலும் சேமியுங்கள். ஜேபெக் பெட்டியில் புரோகிரஸிவ் என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில பழைய ரீடர்கள் அந்த வகையைத் திறக்காமல் வெற்றுப் பெட்டியைக் காட்டும்.

ரீடரில் பார்ப்பது

ரீடரின் ஸ்கிரீன்ஷாட்டைக் கணினியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் திரையின் மங்கல் பதிவாகாது. பகல் வெளிச்சத்தில் முன்விளக்கை அணைத்து ஒரு முறையும், இரவில் விளக்கோடு ஒரு முறையும் பாருங்கள். நிழலில் விவரம் தெரியவில்லை என்றால் படி 4-க்குத் திரும்பி நடு முக்கோணத்தை 0.1 ஏற்றுங்கள். முந்தைய படத்தின் சாயல் பின்னால் தெரிந்தால் அது உங்கள் படத்தின் பிழை அல்ல, திரை முழுதாகப் புதுப்பிக்கவில்லை என்பதே காரணம். கிண்டிலின் செட்டிங்ஸில் ரீடிங் ஆப்ஷன்ஸுக்குள் பேஜ் ரெஃப்ரெஷ் என்பதை இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.