லேப்டாப் மைனிங்: கார்டை ட்யூன் செய்யும்போது எங்கே தவறுகிறோம்

கிரிப்டோ காயின்களுக்காகக் கிராஃபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட வைப்பதுதான் மைனிங். கார்டில் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரைப் பார்த்ததும், யாரோ டெஸ்க்டாப்பில் வைத்த மெமரி, கோர் (கணக்குப் போடும் பகுதி) வேக எண்களை அப்படியே லேப்டாப்பில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டெஸ்க்டாப் 3060 பெரும்பாலும் 12 ஜிபி மெமரியோடு வரும், 170 வாட் வரை இழுக்கும். லேப்டாப் 3060-க்கு 6 ஜிபிதான். அதன் மின்வரம்பும் 60 முதல் 115 வாட்டுக்குள் தயாரிப்பாளர் வைத்தபடி மாடலுக்கு மாடல் மாறும். போதாததற்கு, பல லேப்டாப்களில் சிபியுவும் ஜிபியுவும் (கார்டின் சிப்) ஒரே செப்புக் குழாய்களில்தான் சூட்டை இறக்குகின்றன. அதனால் லேப்டாப்பில் ட்யூனிங் என்றால் வேகத்தைக் கூட்டுவது இல்லை, ஒரு வாட்டுக்கு எத்தனை ஷேர் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் பூலுக்கு அனுப்பும் விடை) கிடைக்கிறது என்று பார்த்துச் சூட்டைக் குறைப்பது.

கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்தால் பவர் லிமிட் (மின்வரம்பு) ஸ்லைடர் அசையாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். லேப்டாப்பில் அது பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். அதைத் திறக்கிறேன் என்று கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி எழுதப் போகாதீர்கள். டெஸ்க்டாப்பில் கெட்டால் வேறு கார்டு போடலாம், லேப்டாப்பில் கார்டு மதர்போர்டோடு ஒட்டியது. இதற்கு நேர்வழி வோல்டேஜ் கர்வ், அதாவது எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் கோடு. கண்ட்ரோல்-எஃப் அழுத்தினால் அது திறக்கும். குறைந்த வோல்டேஜில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, தேவையான கிளாக்குக்கு (வேகத்துக்கு) உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளதையெல்லாம் தட்டையாக்கிவிடுங்கள். கார்டு அந்த வோல்டேஜைத் தாண்டாது. ரொம்பக் குறைத்துவிட்டால் திரை ஒருமுறை கறுத்து, டிரைவர் மறுபடி தொடங்கும். அப்போது ஒரு படி மேலே வாருங்கள்.

எந்தக் காயினின் அல்காரிதத்துக்கு (கணக்குப் போடும் முறைக்கு) இந்த எண்கள் என்பதையும் பலர் பார்ப்பதில்லை. எத்தேரியம் கிளாசிக் என்ற காயின் மெமரி வேகத்தை நம்பி ஓடுவது, அங்கே கோரை நன்றாக இறக்கினாலும் ஹாஷ்ரேட் (நொடிக்கு எத்தனை கணக்கு என்ற வேகம்) அதிகம் விழாது. ரேவன்காயினின் அல்காரிதமான காபவ் கோரையும் கடுமையாக வேலை வாங்கும். ஒன்றுக்கு வைத்த செட்டிங் மற்றதற்கு உதவாது.

எனக்கு மிகவும் கவலை தருவது மெமரி கிளாக்தான். 100, 100 மெகாஹெர்ட்ஸாகக் கூட்டிக்கொண்டே போனால் மைனிங் மென்பொருளில் ஹாஷ்ரேட் ஏறிக்கொண்டே இருக்கும், மனசும் நிறையும். ஆனால் அந்த எண், கார்டு எத்தனை முறை கணக்குப் போட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. கணக்கு சரியா என்று சொல்வதில்லை. மெமரி பிழை செய்யத் தொடங்கினால் எல்லா நேரமும் லேப்டாப் தொங்கிவிடாது. சத்தமில்லாமல் செல்லாத ஷேர்கள் விழும். முதல் பத்து நிமிடம் சுத்தமாக இருக்கும், இரண்டு மணி நேரம் கழித்து மெமரி நன்றாகச் சூடேறியதும் அந்த எண்ணிக்கை 1, 2 என்று மெல்ல நகரும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில மணி நேரம் ஓடவிட்டு, செல்லாத ஷேர் வரிசையைப் பாருங்கள். ஒன்று விழுந்தாலும் 100 குறைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஓட்டிய பிறகு பூல் காட்டும் சராசரிதான் உண்மையான அளவு. இன்னொன்று: பல லேப்டாப் கார்டுகள் மெமரியின் வெப்பத்தைக் காட்டுவதே இல்லை. கோர் 65 டிகிரி என்று பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம், பக்கத்தில் மெமரி சிப் எவ்வளவு கொதிக்கிறது என்று அதில் தெரியாது.

மின்கணக்கிலும் இதே கதைதான். மென்பொருள் காட்டும் வாட் கார்டுக்கு மட்டும். திரை, சிபியு, அடாப்டரில் வீணாவது எல்லாம் அதில் சேராது. சுவரில் செருகும் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். மொத்தம் 100 வாட் என்றால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் (கிளாசிக் இல்லை, அது வேறு காயின்) மைனிங்கையே நிறுத்தியது. அதற்கு முந்தைய லாபக் கணக்கை நம்பி இன்று தொடங்காதீர்கள். அங்கிருந்த கார்டுகள் மற்ற காயின்களுக்குத் திரும்பியதில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கியது. வரவு மின்கட்டணத்தைத் தாண்டவில்லை என்றால் எந்த ட்யூனிங்கும் காப்பாற்றாது.

மைனிங் வேகத்தைக் குறைக்கச் சில கார்டுகளில் தயாரிப்பாளர் வைத்த தடையை நீக்கி ஹாஷ்ரேட்டைக் கூட்டும் என்று வரும் மென்பொருள்களையும் தொடாதீர்கள். 2022 பிப்ரவரியில் எல்எச்ஆர் என்ற அந்தத் தடையை உடைக்கும் என்று பரவிய ஒன்று, உள்ளே மால்வேர்தான் வைத்திருந்தது.

அப்புறம் பேட்டரி. அடாப்டரிலேயே ஓடுவதால் அதை மறந்துவிடுகிறோம். முழு சார்ஜில், பக்கத்தில் சூட்டோடு நாள்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும், வீங்கவும் செய்யும். பயாஸிலோ தயாரிப்பாளரின் செயலியிலோ சார்ஜ் வரம்பு இருந்தால் 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். டச்பேட் திடீரென்று கிளிக் ஆகாமல் இறுகினாலோ, மூடினால் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, அது பேட்டரி உள்ளிருந்து தள்ளுவதாக இருக்கலாம். உடனே அணைத்து அடாப்டரைப் பிடுங்குங்கள். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காமல், பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.