டில்ட்-ஷிஃப்ட் அடாப்டர்: வாங்கிய பிறகு தெரியவரும் தவறுகள்

உயரமான கட்டடம் பின்னால் சாய்ந்தது போலத் தெரியாமலிருக்க லென்ஸை நகர்த்துவது ஷிஃப்ட், ஃபோகஸ் தளத்தைத் திருப்ப லென்ஸைச் சாய்ப்பது டில்ட். இரண்டையும் செய்யும் நல்ல டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கப் போனால் லட்சத்தைத் தாண்டிவிடும். அதில் சிறு பங்கு விலைக்கு, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் ஒரு அடாப்டர் கிடைக்கிறது, வீட்டில் பழைய லென்ஸும் கிடக்கிறது. போதாதா என்று தோன்றுவது இயல்பு. சிலருக்கு உண்மையிலேயே போதும். ஆனால் அடாப்டரால் லென்ஸை நகர்த்தவும் சாய்க்கவும்தான் முடியும். நகர்ந்த பிறகும் சென்சார் முழுக்க ஒளி விழுமா என்பது லென்ஸின் கையில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த அடாப்டர்கள் பெரும்பாலும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கே ஏன் வருகின்றன? கேனான் இஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும், நிக்கான் எஃப் லென்ஸ் 46.5 மி.மீ. தள்ளி. சோனியின் இ மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) அந்த இடைவெளி 18 மி.மீ.தான், நிக்கான் இசட்டில் 16. ஆக இஎஃப் லென்ஸைச் சோனியில் மாட்டினால் நடுவே 26 மி.மீ. மிஞ்சுகிறது. சாய்க்கும் நகர்த்தும் பொறியமைப்பு அதற்குள் அடங்கிவிடும். மிரர்லெஸுக்கென்றே செய்த லென்ஸுக்கு அப்படி மிச்ச இடம் கிடையாது. அதனால் கையிலிருக்கும் கேனான் ஆர்எஃப் லென்ஸையோ இ மவுண்ட் லென்ஸையோ இதில் போடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

சரி, ஒளி வட்டத்துக்கு வருவோம். எல்லா லென்ஸும் வட்டமாகத்தான் பிம்பத்தை விழவைக்கிறது, சென்சார் அந்த வட்டத்துக்குள் ஒரு செவ்வகம். 36-க்கு 24 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த அளவை மூடுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றை ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஷிஃப்ட் அடாப்டரோடு மாட்டினால், இரண்டு மூன்று மி.மீ. நகர்த்தியதுமே ஒரு பக்கத்து மூலைகள் இருண்டு போகும். அடாப்டரில் 15 மி.மீ. வரை கோடு போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க, கேனானின் 24 மி.மீ. டிஎஸ்-இ என்ற டில்ட்-ஷிஃப்ட் லென்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒளி வட்டம் 67.2 மி.மீ. அது கொடுக்கும் 12 மி.மீ. ஷிஃப்டுக்கு அந்த அகலம்தான் காரணம்.

அதே பழைய லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில் வேறு கதை. சென்சார் சின்னது, வட்டத்துக்குள் இடம் தாராளம். கணக்குப் போட்டால் அகலவாக்குப் படத்தில் மேலே கீழே சுமார் 10 மி.மீ., கேமராவை நிமிர்த்தி உயரவாக்கில் வைத்தால் சுமார் 8 மி.மீ. நகர்த்தலாம். அதைவிடச் சின்ன சென்சாருள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இன்னும் அதிகம். ஆனால் இங்கே அடுத்த சிக்கல் காத்திருக்கிறது: 24 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 36 மி.மீ. பார்வையாகச் சுருங்கிவிடும். கட்டடம் எடுக்க அகலம் வேண்டும், அகலம்தான் போகிறது.

ஃபுல் ஃபிரேமில்தான் எடுப்பேன் என்றால் மாமியா 645, பென்டக்ஸ் 645, பென்டகான் சிக்ஸ் போன்ற மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிமுக்குச் செய்த) லென்ஸ் தேட வேண்டும். 645 லென்ஸின் வட்டம் சுமார் 70 மி.மீ., காகிதத்தில் 18 மி.மீ. வரை நகர இடம் உண்டு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. அடாப்டரின் குழாயும் கேமராவின் மவுண்ட் வாயும் ஓரத்து ஒளியை மறைக்கும். சோனி இ மவுண்டின் வாய் 46 மி.மீ. என்பதால் அதில் இது சற்று முன்பே தெரியும். அகலக் கோண ஆசையும் பெரும்பாலும் சுமார் 35 மி.மீ.யோடு நின்றுவிடும். கட்டடங்கள் மட்டுமே எடுப்பவருக்கு என் அபிப்பிராயம் இது: இந்த வழியில் போவதைவிட, பழைய டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, சாதாரண அடாப்டரில் மாட்டுவது நல்லது.

லென்ஸின் திறப்பைக் கையால் மாற்றும் அபர்ச்சர் வளையம் அதில் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இந்த அடாப்டர்களில் பொதுவாக மின் தொடர்பு கிடையாது. கேனான் இஎஃப் லென்ஸ் முழுத் திறப்பிலேயே நின்றுவிடும். மோட்டாரால் ஃபோகஸ் செய்யும் எஸ்டிஎம் வகை என்றால் ஃபோகஸ் வளையமும் மின்சாரமில்லாமல் வேலை செய்யாது. அபர்ச்சர் வளையமில்லாத நிக்கான் ஜி வகைக்கு அடாப்டரிலேயே தனி வளையம் வேண்டும். வளையமுள்ள பழைய லென்ஸ்கள்தான் தலைவலி இல்லாதவை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி கேமரா மெனுவில் மாற்றாமல், கேமரா கெட்டுவிட்டது என்று பதறுபவர்களும் உண்டு.

களத்தில் நடக்கும் பெரிய தவறு, கேமராவை அண்ணாந்து வைத்துவிட்டு ஷிஃப்ட் செய்வது. ஷிஃப்டின் பயனே கேமராவை அண்ணாக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. முதலில் ட்ரைபாடில் ரசமட்டம் பார்த்து, சென்சார் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். கட்டடத்தின் தலை வெட்டுப்படும், படட்டும். பிறகு லென்ஸை மட்டும் மேலே நகர்த்துங்கள். திருவண்ணாமலை ராஜகோபுரம் சுமார் 66 மீட்டர் உயரம். அதற்கு 100 மீட்டர் தள்ளி, ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ. லென்ஸோடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவை நிமிர்த்தி வைத்தால் சுமார் 4 மி.மீ. ஷிஃப்டிலேயே கலசம் படத்துக்குள் வந்துவிடும், அகலவாக்கில் வைத்தால் சுமார் 8 மி.மீ. வேண்டும்.

கோபுரம் எடுக்கும்போது இன்னொரு பொறி உண்டு. கோபுரம் மேலே போகப் போகக் குறுகும்படியே கட்டப்பட்டது. அதன் ஓரக் கோட்டை வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தால் அளவுக்கு மீறித் திருத்திவிடுவீர்கள், கோபுரம் பெட்டி போல நிற்கும். அடிப்பகுதிக் கருங்கல் சுவரின் தூண்களையும் வாசல் நிலையையும் பாருங்கள். செங்குத்து அங்கேதான் இருக்கிறது. மிக அதிகமாக ஷிஃப்ட் செய்தால் உச்சியில் இருப்பவை நீண்டு தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டில்ட் விஷயத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தேவைக்கு மேல் சாய்ப்பது. லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாயும் என்ற விதி, ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-இல் காப்புரிமை பெற்ற வேலையிலிருந்துதான் அவர் பெயரால் வழங்குகிறது. தரை முழுவதும் துல்லியமாக விழ வேண்டுமென்றால் கணக்கு எளிது. லென்ஸின் குவியத் தூரத்தைத் தரையிலிருந்து லென்ஸ் இருக்கும் உயரத்தால் வகுத்து, 57-ஆல் பெருக்குங்கள், கோணம் டிகிரியில் கிடைக்கும். கண் உயரத்தில், அதாவது 1500 மி.மீ. உயரத்தில், 35 மி.மீ. லென்ஸுக்கு 1.3 டிகிரி. 50 மி.மீ.க்கு 1.9. அவ்வளவுதான்! அடாப்டரில் 8 டிகிரி வரை இருக்கிறதே என்று பாதி வரை சாய்த்தால் ஃபோகஸ் தளம் தரையை விட்டு எங்கோ போய்விடும். கேமராவைத் தரையிலிருந்து ஒரு அடிக்கு, 300 மி.மீ.க்கு இறக்கினால்தான் அதே 35 மி.மீ. லென்ஸுக்கு 6.7 டிகிரி தேவைப்படும்.

கணக்குப்படி சாய்த்த பிறகு தூரத்தில் ஒரு இடம், பக்கத்தில் ஒரு இடம் என்று திரையைப் பெரிதாக்கி மாறி மாறிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தையும் சாய்வையும் சிறிது சிறிதாகத் திருத்துங்கள். ஃபோகஸான இடத்தைத் திரையில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கின் வண்ணக் கோடுகளை இதற்கு நம்ப முடியாது, அவை தாராளமாகப் பூசிவிடும். அப்புறம், டில்ட் செய்தால் எல்லாமே துல்லியமாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. துல்லியமான பகுதி ஆப்பு வடிவில், அருகே மெலிந்தும் தூரத்தில் பருத்தும் இருக்கும். முன்னால் உயரமாக ஒரு செடி நின்றால் அதன் நுனி மங்கும். எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்தும் சரியாகவில்லையென்றால் அந்தக் காட்சிக்கு டில்ட் பொருந்தாது என்று விட்டுவிடலாம்.

ஷிஃப்ட் செய்து மூன்று படம் எடுத்து ஒட்டுபவர்கள் கவனிக்க: லென்ஸ் நகரும்போது பார்க்கும் புள்ளியும் நகர்கிறது. தூரத்துக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு மீட்டரில் கம்பி வேலி இருந்தால் ஒட்டும் இடத்தில் அது இரட்டையாகும். லென்ஸை 10 மி.மீ. இடப்பக்கம் நகர்த்தினால், ட்ரைபாடில் பக்கவாட்டில் நகரும் ரெயில் தகடு வைத்துக் கேமராவை 10 மி.மீ. வலப்பக்கம் நகர்த்திவிடுங்கள், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும் மேனுவலில் இருக்கட்டும். ட்ரைபாடில் சென்சார் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். கையில் பிடித்து எடுப்பதானால் குவியத் தூரத்தை மெனுவில் நீங்களே பதிய வேண்டும், லென்ஸ் தானாகச் சொல்லாது.

மென்பொருளில் அந்த லென்ஸின் புரொஃபைலை (லென்ஸின் குறைகளைத் தானாகத் திருத்தும் அமைப்பு) போடாதீர்கள். லென்ஸின் மையம் படத்தின் மையத்தில் இருப்பதாக நினைத்துத்தான் அது திருத்தும். ஷிஃப்ட் செய்த படத்தில் ஒரு ஓரம் தேவையில்லாமல் வெளுக்கும். ஓர இருட்டு தொந்தரவாக இருந்தால், அதே நிலையில் லென்ஸ் முன் வெள்ளை அக்ரிலிக் தகட்டைப் பிடித்து ஒரு படம் எடுத்துவைத்து, அதைக் கொண்டு சரிசெய்யலாம்.

கடைசியாக அடாப்டரின் தரம். கடையில் கையில் வாங்கியதும் லென்ஸை மாட்டி, எல்லாத் திருகையும் இறுக்கிவிட்டு, லென்ஸின் முனையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மீடியம் ஃபார்மட் லென்ஸின் கனத்தில் அது தானாகவே ஒரு டிகிரி சாயும். மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு டிகிரியே ஏறக்குறைய முழு டில்ட். பூஜ்ஜியத்தில் ‘டக்’ என்று நிற்கும் பள்ளம் இருக்கிறதா, டில்டுக்கும் ஷிஃப்டுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பூஜ்ஜியத்தில் வைத்துத் தூரத்து மொபைல் டவரை ஃபோகஸ் செய்து பாருங்கள். வளையத்தைக் கடைசி வரை திருப்பியும் டவர் மங்கலாகவே இருந்தால் அடாப்டர் தேவைக்கு மேல் தடிமன். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.